அஞ்சலிச் சுவரில் ஒரு கலைப்படம்

ஹரிகிருஷ்ணனுக்கு உத்தியோகம் கல்பாக்கத்தில், குடித்தனம் செங்கல்பட்டில், மனசு மட்டும் உலக சினிமாவில். இரண்டு வருஷம் லீவு நாளெல்லாம் சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் கேமராவோடு அலைந்து, ஒரு மனிதன் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கும் படம் ஒன்றை எடுத்து முடித்துவிட்டார். அந்த மனிதனும் அவரேதான். வேறு எவன் அத்தனை நேரம் கடலைப் பார்ப்பான்?

தியேட்டர்காரர் பக்தவத்சலம் கறாரான ஆசாமி. வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குப் பாதித் தியேட்டர் நிரம்பினால் ஞாயிறு வரை ஓட்டுவேன், இல்லாவிட்டால் அன்றைக்குச் சாயங்காலமே டப்பிங் பாம்புப் படம் ஏறிவிடும் என்று சொல்லிவிட்டார். அந்தப் பாதித் தியேட்டர்தான் ஹரிகிருஷ்ணனுக்கு இப்போது மோட்சம். ஆபீசில் ஒருவர் விடாமல் அழைத்தார். அத்தனை பேரும் கண்டிப்பாக வருவதாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போவதில் என்ன கஷ்டம்?

போஸ்டரை அவரே வடிவமைத்தார். கறுப்பு வெள்ளை. முக்கால் பங்குக்கு அவர் முகம், லேசாகக் குனிந்து, கண் நிறையத் தத்துவத்தோடு. கீழே கொட்டை எழுத்தில் அவர் பெயர், 14.6.2002, வெள்ளி, காலை 11 மணி. படத்தின் பெயர் மட்டும் ஒரு மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. பெயரைக் கத்திச் சொல்வது வியாபார சினிமாவின் குணமாம்.

போஸ்டர் ஒட்டும் ஜோயல், வியாழக்கிழமை சாயங்காலம் அவரை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து, பசை வாளியை மடியில் கொடுத்து ஊரைச் சுற்றிக் காட்டினான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சுவர். பெரிய ஹீரோக்கள் எல்லாம் அங்கேதான் நிற்பார்கள் என்றான். ஹரிகிருஷ்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு வேண்டாம் என்றார். சாராயக் கடைக்கு எதிர்ச்சுவரைக் காட்டினான். குடிகாரனுக்குப் புரியாது என்றார். மார்க்கெட் சுவரில் ஒரு கதாநாயகியின் தொப்புளுக்குப் பக்கத்தில் தாராளமாக இடம் இருந்தது. இந்தத் தொப்புளோடு போட்டி போடவா நான் படம் எடுத்தேன் என்று சீறினார். ஜோயலுக்கு பேஜாராகிவிட்டது.

அப்போதுதான் ஆபீஸ் பஸ் நிற்கும் முனையில் அந்தச் சுவரைப் பார்த்தார். சுத்தமான சுவர். நாலு பேர் அதன் முன் சத்தம் போடாமல் நின்று, முகங்களைப் பார்த்து, மேலிருந்து கீழ்வரை ஓர் எழுத்து விடாமல் படித்தார்கள். ஒருவர் ச்சு கொட்டினார். அடடா, இவர்களல்லவா ரசிகர்கள் என்று ஹரிகிருஷ்ணனுக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று.

"சார், அது சாவு போஸ்டர் ஒட்ற எடம். கண்ணீர் அஞ்சலி சார். இன்னாத்துக்கு அங்க?" என்றான் ஜோயல்.

"இருக்கட்டும்ப்பா. இவங்களாவது குத்தாட்டம் போடாம மரியாதையா நிக்கிறாங்க."

ஜோயல் பசை வாளியை வாங்கிக்கொண்டான். திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் என்று வழியெல்லாம் எங்கெங்கே அஞ்சலிச் சுவர் உண்டோ அங்கெல்லாம் ஒட்டித் தீர்த்தான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தியேட்டரில் ஆபரேட்டரும், முறுக்கு விற்பவரும், ஹரிகிருஷ்ணனும் இருந்தார்கள். வாசலுக்கும் டிக்கெட் கவுன்டருக்கும் நடந்து நடந்து அவருக்குக் கால் கடுத்தது. ஒருத்தர்கூடவா வரமாட்டார்கள் என்று ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஆபீஸ் அறையில் போன் அடித்தது. அவர் மனைவி சங்கரி.

"உடனே வாங்க. நீங்க செத்துட்டீங்களாம். வீடு நிறைய ஜனம்."

ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினால், தெருவையே அடைத்துக்கொண்டு ஆபீஸ் பஸ் நின்றது. காலையில் அதே பஸ்ஸின் ஜன்னலிலிருந்து அவர் முகத்தையும் பெயரையும் தேதியையும் பார்த்தவர்கள், அவர் சீட்டும் காலியாக இருக்கவே, அரை நாள் பர்மிஷன் வாங்கி அதே பஸ்ஸில் திரும்பி வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஷாமியானாவே போட்டுவிட்டார். பாதித் தியேட்டர் என்ன, முழுத் தியேட்டரும் நிரம்பி வழியும் கூட்டம். ஹரிகிருஷ்ணனைக் கண்டதும் இரண்டு பேர் அலறினார்கள். மற்றவர்களுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவருக்கோ சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் அப்படியே பஸ்ஸில் ஏறுங்கள், தியேட்டர் பத்து நிமிஷம்தான், முதலிலிருந்து போடச் சொல்கிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கூட்டம் அசையவில்லை. அவருடைய செக்‌ஷன் தலைவர் நரசிம்மன், கையில் மலர் வளையத்தோடு முன்னால் வந்தார்.

"துக்கத்துக்கு வந்துட்டு நேரா சினிமாவுக்குப் போறது நல்லா இருக்குமா? தலை முழுக வேண்டாமா?"

"நான்தான் சாகலையே, சார்."

"அதுல எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனா நாங்க வந்தது துக்கத்துக்குத்தானே? பர்மிஷனும் அப்படித்தானே எழுதிக் குடுத்திருக்கு?"

வாங்கிய வளையத்தைத் திருப்பித் தர வழியில்லாததால் திண்டாடி, கடைசியில் அதை வாசல் கேட்டிலேயே மாட்டிவிட்டு எல்லோரும் பஸ் ஏறிப் போனார்கள். போகும்போது ஒவ்வொருவராக ஹரிகிருஷ்ணனின் கையைப் பிடித்து, மனசைத் தளரவிடக் கூடாது என்று ஆறுதல் சொன்னார்கள். சங்கரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் படப்பெட்டியை எடுக்கத் தியேட்டருக்குப் போனார். பக்தவத்சலம் சொன்னபடி பாம்புப் படத்தை ஏற்றிவிட்டார். வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்திருந்தது. பெட்டியைச் சுமந்துகொண்டு ஓரமாக நழுவப் பார்த்தவரை யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினால், ஈரம் காயாத தலையோடு நரசிம்மன். அவருக்குப் பின்னால் அதே ஈரத் தலைகளோடு மொத்த செக்‌ஷனும் நின்றது.

"தலை முழுகியாச்சு, சார். உங்களுக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் எடுத்துடவா?" என்றார் நரசிம்மன்.