பித்தளை ஆணி

கேப்டனுக்குக் கை விழுந்து ஆறு மாதம் ஆகிறது. வாய் மட்டும் விழவில்லை. ஆற்றில் ஆள் ஏற்றும் ஒரு படகு, அதன் பின்பலகையில் ஒரு மோட்டார், இவ்வளவுதான் அவன் கப்பல். ஆனாலும் படகுத்துறையில் எல்லாருக்கும் அவன் கேப்டன்தான். வலது கை அசையாது. தோளைத் தொட்டாலே உயிர் போகும். அதனால் அவன் மனைவி தினமும் இடது பக்கமாக அணைத்துத் தூக்கித்தான் நாற்காலியில் உட்காரவைப்பாள்.

கூலிக்கு ஆள் வைத்து ஓட்டிக்கொண்டிருந்த மோட்டார் படுத்து மூன்று வாரம் ஆயிற்று. ஸ்டார்ட் ஆகும், இரண்டு நிமிடம் இருமும், நின்றுவிடும். மெக்கானிக் "இதோ வரேன்" என்று சொன்னதோடு சரி. வெள்ளிக்கிழமை துறை குமாஸ்தா வந்து நின்றார்.

"திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி ஆளுங்களை அக்கரையில விடணும். இல்லேன்னா உங்க முறை அடுத்தவருக்குப் போயிடும். தப்பா நினைக்காதீங்கம்மா."

துறையில் ஆள் ஏற்றுகிற முறை போனால் பிழைப்பே போயிற்று, நாத்தனார் வீட்டுப் பின்னறையே கதி. அவர்கள் இப்போது இருப்பதும் அங்கேதான். அந்த வீட்டுப் பாத்திரம் அத்தனையும் இவள்தான் தேய்க்கிறாள். நாத்தனார் சோற்றைப் போட்டுவிட்டு, அது தொண்டையில் இறங்குகிறதா என்று எதிரே நின்று பார்க்கிற ரகம். படகு ஓடினால் துறைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விடலாம். அவள் அதைத்தான் இராப்பகலாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நானே சரி பண்ணிப் பாக்கறேன்."

கேப்டன் சிரித்தான். "பதினெட்டு வருஷமா அதை மூடற துணியைத் துவைச்சவ நீ. சரி, ஆகட்டும். நான் சொல்றேன், நீ செய்."

இவ்வளவு லேசில் சம்மதித்தானே என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, பாவி.

கொட்டகையில் மரச்சட்டத்தில் மோட்டாரை மாட்டினாள். "அப்படியே ஓட விடு. சத்தத்தைக் கேட்டு நோயைச் சொல்றேன். தண்ணி கிண்ணி ஒண்ணும் வேணாம்" என்றான். கயிற்றை இழுத்தாள். ஓடியது. கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் நாற்றம். "நிறுத்துடி! உன் கை பட்டாலே விளங்குமா?" என்று துறைக்கே கேட்கக் கத்தினான். அவள் தன் கையைத்தான் நொந்துகொண்டாள்.

கருகிய ரப்பர் சக்கரத்தை எடுத்துக்கொண்டு சாமான் கடைக்குப் போனாள். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுதான் தண்ணியை உறிஞ்சி மோட்டாரைக் குளிர வைக்கறது. தண்ணியில முக்காம ஓட்டச் சொன்னது யாரு? கேப்டன் இத்தனை வருஷத்துல ஒண்ணுகூட இப்படிக் கருக்கினதில்லையே."

வரும் வழியெல்லாம் அவளுக்கு நெஞ்சு கொதித்தது. தான் ஓட்டாத படகைக் கூலி ஆள் ஓட்டினாலும் ஓட்டலாம், இவள் மட்டும் ஓட்டவே கூடாது. அட சண்டாளா! தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்கிற கதையல்லவா இது? கட்டியவளே எதிரியா?

வாங்கி வந்த புதுச் சக்கரத்தை மாட்டினாள். சனிக்கிழமை முழுக்க அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள், நேர்மாறாகச் செய்தாள். பிளக் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும், துடைக்காதே என்றான், தேய்த்துத் துடைத்தாள். பெட்ரோலில் எண்ணெயைக் குறை என்றான். முழு அளவும் ஊற்றினாள். கார்புரேட்டர் திருகை வலப்பக்கம் முறுக்கு என்றான், இடப்பக்கம் முறுக்கினாள். தண்ணீர் நிரம்பிய டிரம்மில் மோட்டாரை இறக்கிக் கயிற்றை இழுத்தாள். பத்து நிமிடம் நிற்காமல் ஓடியது. இவ்வளவு நல்ல வாத்தியார் யாருக்குக் கிடைப்பான் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். கேப்டன் சிரிக்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை படகில் மாட்டி ஆற்றில் இறக்கினாள். மோட்டார் உறுமியது, படகு நகரவில்லை. தண்ணீருக்குள் சுழலும் விசிறியைக் கழற்றிப் பார்த்தாள். அதைத் தண்டோடு பிணைக்கும் சின்ன ஆணி இரண்டாக முறிந்திருந்தது. டப்பாவில் அதே அளவில் இரண்டு கிடந்தன. ஒன்று பித்தளை, ஒன்று இரும்பு.

"பித்தளையைப் போடு" என்றான் கேப்டன் கரையிலிருந்து. துறையில் நின்ற குமாஸ்தாவும் இன்னும் நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "இரும்பு மட்டும் போட்டுடாதே. சொல்லிட்டேன்."

பித்தளையைக் குறட்டில் பிடித்து அழுத்தினாள். வளைந்தது. முறிந்து கிடந்ததும் பித்தளைதான். கடை அன்று மூடியிருந்தது. கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு இரும்பைப் போட்டாள். படகு வழுக்கிக்கொண்டு போனது.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். நர்ஸ் ஒருத்தி, "அக்கா, நீங்களே ஓட்டறீங்களா!" என்று வாயைப் பிளந்தாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. நடு ஆற்றில், தண்ணீர் வற்றிய இடத்தில் எல்லாப் படகும் உரசிக்கொண்டு போகிற பாறையில் விசிறி இடித்தது. பித்தளையாக இருந்திருந்தால் ஆணி முறிந்திருக்கும். அடுத்ததை மாட்டிக்கொண்டு போயிருக்கலாம். அது முறிவதற்கென்றே இருக்கிற ஆணி. இரும்பு முறியவில்லை. அதற்குப் பதிலாக உள்ளே பல்சக்கரங்கள் நொறுங்கின. பல்லைக் கடிப்பதுபோல் ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை.

அடுத்த முறைக்காரன் வந்துதான் இழுத்துப் போனான். இறங்கும்போது நர்ஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் பித்தளைன்னு சொன்னேனா இல்லையா? எல்லாரும் கேட்டீங்கல்ல?" கேப்டன் நாற்காலியிலிருந்து கத்தினான்.

"கேட்டோம்" என்றார் குமாஸ்தா. "ஏம்மா, அனுபவப்பட்ட மனுஷன் சொல்றாரு. கேட்டா என்ன குறைஞ்சா போயிடுவே?" முறை அங்கேயே கைமாறியது.

எல்லாரும் கலைந்தபின் அவனைத் தூக்கக் குனிந்தாள். அவன் அவள் காதருகில் மெல்லச் சொன்னான்.

"சனிக்கிழமையே கண்டுபிடிச்சிட்டேன்டி, நீ எதிர்ப்பக்கம் முறுக்கறதை. அதான் ஆணி விஷயத்துல மட்டும் உண்மையைச் சொன்னேன். நட, அக்கா வீட்டுப் பாத்திரம் காத்துக் கிடக்கும்."

அவள் தினமும் தூக்குகிற இடது பக்கத்தை விட்டு வலது பக்கமாக வந்தாள்.

அவன் முகம் மாறியது. "ஏய், அந்தக் கையைத் தொடாதே. வலிக்கும்டி."

இதுவும் உண்மைதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கையையே பிடித்து இழுத்தாள்.