ஒன்பதாம் தடை

கோடிச் சேலை கார் டிக்கியில் இருந்தது. எடுத்து வரச் சொல்லி அனுப்பினார்கள். ரஞ்சித்குமார் டிக்கியைத் திறந்துவிட்டு, எதற்கு வந்தோம் என்பது மறந்து நின்றான்.

ஹில்கிராஃப்ட் ஜவுளிக்கடைப் பை மேலாகவே இருந்தது. அதற்கு அடியில் சனிக்கிழமைச் சாமான்கள் அப்படியே கிடந்தன. மடக்கு நாற்காலி. அத்தையின் தெர்மாஸ். மனைவி கயலின் பழைய பூட்ஸ். கம்போடு ஒரு சிவப்புக் கொடி. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கு அவனுக்கும் தோன்றவில்லை, கேட்க வேண்டியவர்களுக்கும் தோன்றவில்லை. கம்பின் நுனியில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது.

பையை எடுத்துக்கொண்டு டிக்கியைச் சாத்தினான். சரியாக மூடவில்லை. மறுபடி சாத்தினான்.

உள்ளே குளிராக இருந்தது. தரைவிரிப்பு, காபி மெஷின், யாரும் வாசிக்காத ஒரு பியானோ. கற்பூரம் கொளுத்தக் கூடாது, அலாரம் அடிக்கும். தேங்காய் உடைப்பதானால் வாசலுக்கு வெளியே. இறுதிச் சடங்கு நடத்தும் அந்த ஃப்யூனரல் ஹோம் ஆள் மெதுவான குரலில் சொன்ன எல்லாவற்றுக்கும் சிவராமகிருஷ்ணன் அங்கிள் தலையாட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் இந்தக் கேட்டி ஊரில் தமிழர் வீட்டில் எது நடந்தாலும் முன்னால் நிற்பவர் அவர். பிறந்த நாளானாலும் சரி, இதுவானாலும் சரி.

பையை அறை வாசலில் ரோஷினி வாங்கிக்கொண்டாள். கயலோடு வேலை பார்த்தவள். கதவு திறந்து மூடிய இடைவெளியில், அத்தை வசந்தாமணி மகள் கயலின் தலையை மடியில் சாய்த்தாற்போல் வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. சீப்பு நிதானமாக இறங்கியது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகாத நாளில் சீவுகிற மாதிரி.

"தம்பி, சும்மா கேக்கறேன்," அங்கிள் அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "கயல் விழுந்த அந்தத் தடைக்கு ஒடையற ஆணி போட்டிருக்கணும்னு ரூல் இருக்காமே? ஆன்லைன்ல படிச்சேன். குதிரை கால் இடிச்சா ஆணி ஒடைஞ்சு கட்டை கீழ விழுந்துடுமாம். குதிரை குட்டிக்கரணம் போடாதாம்."

"எல்லாத் தடைக்கும் இல்ல அங்கிள். தனிக் கட்டையா இருந்தா போடலாம். இது பெட்டி மாதிரி, மூடின தடை."

"அப்ப ஏன் பெட்டி மாதிரி வெக்கறான்?"

ரஞ்சித் தரைவிரிப்பின் மடங்கிய ஓரத்தைக் காலால் நேராக்கினான்.

"காத்து ஜாக்கெட் போட்டிருந்தாளே, விழுந்தா ஊதிக்குமே?"

"ஊதிச்சு. அது சரியா வேலை செஞ்சுது."

"அப்புறம்?"

"குதிரை ஐந்நூறு கிலோ, அங்கிள்."

அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜாக்கெட்டையும் ஹெல்மெட்டையும் போட்டி நடத்துகிறவர்கள் பரிசோதனைக்கு வாங்கிப் போயிருந்தார்கள். தடையை இனி வைப்பதா எடுப்பதா என்று கூடிப் பேசப் போகிறார்களாம். போனில் சொன்ன பெண் அழுதாள். ரஞ்சித் அவளுக்குத் தேங்க் யூ சொன்னான்.

கயலுக்கு இந்தக் குதிரைப் பைத்தியம் பிடித்து ஐந்து வருடம் ஆகிறது. மேட்டிலும் பள்ளத்திலும் மரங்களுக்கு நடுவிலும் தடைகள் போட்டிருப்பார்கள். ஒவ்வொருவராகக் குதிரையை விரட்டிக்கொண்டு அத்தனையையும் தாண்டி வர வேண்டும். ஒருத்தர் முடிக்கும் முன்பே அடுத்தவரை அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு தடைக்குப் பக்கத்திலும் ரேடியோவும் கொடியுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். குதிரை தாண்டியதா மறுத்ததா என்று சொல்வது அவர் வேலை. சம்பளம் கிடையாது, சாண்ட்விச் உண்டு. ஆள் எப்போதும் பற்றாது. ஓட்டுகிறவர்களின் வீட்டுக்காரர்களை இழுத்துப் போட்டுவிடுவார்கள். அப்படித்தான் ரஞ்சித் ஒன்பதாம் தடைக்குப் போனான்.

விதிகளை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளே கயல்தான், சமையலறையில் நின்று தோசைக் கரண்டியைக் கொடியாக ஆட்டிக்கொண்டு. "யாராச்சும் விழுந்தா நீ ஓடக் கூடாது. டாக்டர் ஓடுவாங்க. உன் வேலை அடுத்த குதிரையை நிறுத்தறது. எடத்தை விட்டு அசையக் கூடாது."

"நீ விழுந்தா?"

"நானா இருந்தாலும்தான். இல்லைன்னா அடுத்தது வந்து என் மேல ஏறும். நீ ஓடி வந்து என்ன பண்ணப் போறே, உன் கம்ப்யூட்டர் வேலை மாதிரி கோட் ரிவ்யூவா?"

அவன் சிரித்தான். தோசை கருகியது.

சனிக்கிழமை, பதினோராம் தடை ஓக் மரக்கூட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவன் இருந்த இடத்திலிருந்து அது தெரியாது. ரேடியோவில்தான் கேட்டது. குதிரை கீழே, ஆள் கீழே, பதினொன்று, எல்லாரையும் நிறுத்துங்கள். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவனைத் தாண்டிக் கடைசியாகப் போனது அவள்தான். எழுந்தான். இடது பக்கம் மரங்கள். வலது பக்கம், மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்த அடுத்த குதிரை. அவன் வலது பக்கம் திரும்பிக் கொடியைத் தூக்கினான்.

அத்தையிடம் அதைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஆராச்சும் பக்கத்துல இருந்தாங்களா மாப்ள?"

"நான் தூரத்துல இருந்தேனுங்க அத்தை. எனக்குத் தெரியாதுங்க."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. சனிக்கிழமையிலிருந்து அவனுக்குச் சோறு போட்டார், சட்டையைத் துவைத்துப் போட்டார். அந்தக் கேள்வியை மட்டும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் சாம்பலோடு சொந்த ஊர் கோபிக்குத் திரும்புகிறார். தெரியாமலே போகட்டும் என்று ஒரு நேரம் நினைத்தான். தெரிந்தால் இந்த அம்மா தன்னைத் திரும்பிப் பார்ப்பாரா என்று ஒரு நேரம். தூங்கும்போதும் இதே இரண்டுதான் மாறி மாறி வந்தன.

கதவைத் திறந்து எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார்கள். அரக்குச் சேலை, தலை நிறையப் பூ. நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது. பொட்டை அவன் வைக்க வேண்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள். அங்கிள் பிடித்திருந்த போனுக்குள்ளிருந்து மாமனார் சேனாபதி பார்த்துக்கொண்டிருந்தார். விசா கிடைக்கவில்லை. அங்கே இரவு. அவர் முகம் மிகப் பக்கத்தில், ஒரு காதும் கண்ணும் மட்டுமாகத் தெரிந்தது.

"கொஞ்சம் கீழ காட்டுங்க," என்றார். "கால் தெரியல."

அங்கிள் காலைக் காட்டினார்.

அப்போதுதான் அந்த வெள்ளைக்காரப் பெண்மணி உள்ளே வந்தாள். ஐம்பது வயது இருக்கும். வாசலில் குவிந்திருந்த செருப்புகளைப் பார்த்துவிட்டுத் தன் ஷூவையும் கழற்றினாள். ரஞ்சித் அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டான். பல் மருத்துவர், பெயர் டெனிஸ். சனிக்கிழமை அவன் நிறுத்திய குதிரையில் இருந்தவள்.

அவள் கயலின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நேராக அத்தையிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். பேச்சு நிற்கவில்லை. தமிழில் சொல்வதானால் இவ்வளவுதான்: அவர் என்னை நிறுத்தினார். நேரம் போகிறதே என்று நான் அவரைப் பார்த்துக் கத்தினேன். கெட்ட வார்த்தை சொன்னேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. 'குதிரையை நடத்திக்கொண்டே இருங்கள் மேடம், நின்றால் அதன் உடம்பு ஆறிவிடும்' என்றார், அவ்வளவுதான். விழுந்து கிடந்தது அவர் மனைவி என்று எனக்குத் தெரியாது. அவர் மட்டும் நிறுத்தியிருக்காவிட்டால் நான் நேரே போய் அவள் மேலேயே இறங்கியிருப்பேன்.

அத்தை மகளை விட்டுப் பார்வையை எடுத்து அவனைப் பார்த்தார். "என்னங்க மாப்ள சொல்றாங்க?"

ரோஷினி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் புரிந்திருந்தது. அங்கிளுக்கும்.

"கயல் நல்லா ஓட்டுவான்னு சொல்றாங்க, அத்தை."

"இத்தனை பேசினாங்க?"

அவன் தலையாட்டினான்.

தான் சொன்னது போய்ச் சேரவில்லை என்று டெனிஸுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அத்தையின் கையை விட்டாள். ரஞ்சித்தைக் காட்டினாள். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கும் நெடுக்குமாக ஆட்டினாள், கொடி பிடித்த மாதிரியே.

அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்த இரண்டு கையையும் மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"அது எனக்குத் தெரியுமுங்க மாப்ள," என்றார். "பாத்தனுங்க."

"அத்தை..."

"வண்டிக்கிட்ட வெயிலு. தெர்மாஸ எடுத்துட்டு மேட்டு மேல போய் உக்காந்துட்டேன். கொடியப் புடிச்சிட்டு நீங்க நிக்கறீங்க. குதிரை நிக்குது, அந்தம்மா கத்துது. வெளையாட்டுல இதும் ஒண்ணாக்கும்னு நான் கை தட்டுனனுங்க." அவர் குரல் மாறவில்லை. "போட்டோ புடிச்சு உங்க மாமாவுக்கு அனுப்புனேன். மாப்ள அமெரிக்காவுல குதிரைக்கு டிராபிக் போலீஸா இருக்காருன்னு. இவரு சிரிச்சுட்டு என்னமோ பேசி அனுப்பிச்சாரு. அதக் கேட்டுட்டு இருக்கறப்பத்தான் ஆம்புலன்ஸ் உள்ள போச்சு."

போனுக்குள் சேனாபதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது காது மட்டும் தெரிந்தது.

"அப்பறம் போட்டோவ அழிச்சுட்டேன். இவரையும் அழிக்கச் சொன்னேன். உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு."

ரஞ்சித் சுவரில் சாய்ந்தான்.

"இந்தம்மாள நிறுத்தாம வுட்டிருந்தா?"

"நேரா அங்கதானுங்க போயிருப்பாங்க. மரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாது."

"ம்." சேலையின் மடிப்பை ஒருமுறை நீவிவிட்டார். "நீங்க அங்க நிக்கறது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. என்னத் தாண்டித்தானே போனா."

"பாத்தாளா?"

"பாத்தா."

"ஒண்ணும் சொல்லலியா?"

"நாக்கைத் துருத்திக் காட்டிட்டுப் போனா."

அத்தையின் முகத்தில் எதுவோ அசைந்தது. "கழுதை," என்றார். "பத்து வயசுல சொல்ல ஆரம்பிச்சேன், பொட்டப்புள்ள நாக்க நீட்டாதடீன்னு." பிறகு சேலைத் தலைப்பால் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. டெனிஸ் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முதுகில் கை வைத்தாள்.

"டைம் ஆச்சு," என்றார் அங்கிள், யாரையும் பார்க்காமல்.

குங்குமத்தை அத்தைதான் நீட்டினார். ரஞ்சித் வைத்தான். நெற்றி குளிர்ந்திருந்தது. பொட்டு கொஞ்சம் கோணலாகிவிட்டது. அத்தை சேலைத் தலைப்பின் நுனியால் ஓரத்தைத் துடைத்துச் சரி செய்தார். வாய்க்கரிசி போட்டார்கள். மற்றதெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் நடந்தது. தயாரா என்று அந்த மெதுவான குரல் கேட்டது. சுவரில் தகன அடுப்புக்கான ஒரு பச்சை பட்டன். அதை அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினான்.

வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. சிவராமகிருஷ்ணன் அங்கிள் தாம் ஓட்டுவதாகச் சொன்னார். ரஞ்சித் வேண்டாம் என்றான். பித்தளைத் தாம்பாளத்தை வைப்பதற்காக அத்தை டிக்கிப் பக்கம் போனார். டிக்கியைத் திறந்துவிட்டு, ஸ்டியரிங்கில் கை வைத்து அவன் காத்திருந்தான். நேரமாயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை.

டிக்கி மூடியது. ஒரே முறையில் சரியாக மூடியது. ஆறு மாதமாகப் பின் சீட்டிலேயே உட்கார்ந்து வந்த அத்தை, முன் கதவைத் திறந்து ஏறினார். கையில் சிவப்புக் கொடி இருந்தது. பெல்ட் போடத் தெரியாமல் தடுமாறினார். ரஞ்சித் குனிந்து மாட்டிவிட்டான்.

ஃப்ரீவேயில் கூட்டம் இல்லை. துணியைக் கம்போடு சேர்த்து இறுக்கமாகச் சுருட்டி அவர் மடியில் வைத்துக்கொண்டார். நுனியில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. கேட்டி எக்ஸிட் வரும்வரை சுரண்டிக்கொண்டே வந்தார். உதிர்ந்ததைக் கீழே விடாமல் இடது உள்ளங்கையில் சேர்த்து, கையை மூடி வைத்துக்கொண்டார்.