போகச் சொன்னார்

ஈரப் பஞ்சுக் குச்சியால் லரிசா அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கை மெல்ல எழுந்து அவள் தலையை ஓரமாகத் தள்ளியது. டிவியை மறைக்கிறாளாம்.

டிவியில் கோட்டு போட்ட நாலு பேர் காலையிலிருந்து ஒரே சண்டை. ஐஸ் ஹாக்கி அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு பிற்பகல் இரண்டு மணியோடு முடிகிறது. வின்னிபெக் அணி வேட் சிகுர்ட்சனை அனுப்பிவிடுமா, வைத்துக்கொள்ளுமா? பதினேழு வருடமாக அந்த அணியின் தடுப்பு வரிசையே அவன்தான். இப்போது முப்பத்தேழு வயது, முட்டியில் இரண்டு அறுவை சிகிச்சை. கோப்பைக்குக் குறி வைத்திருக்கும் ஃப்ளோரிடாக்காரர்கள் அவனைக் கொடுத்தால் இரண்டு இளம் ஆட்டக்காரர்களைத் தருகிறோம் என்கிறார்கள். ஆனால் அவன் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அவன் சம்மதிக்காமல் அவனை எங்கும் அனுப்ப முடியாது.

“முட்டி தேஞ்சா என்ன, கண்ணு தேயலையே,” என்றார் அவள் அப்பா ஓரெஸ்ட். ஒரு வாக்கியத்துக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. “பக் வட்டு எங்க வரும்னு... அதுக்கு முன்னாடி அங்க நிப்பான்.”

கட்டிலருகே நெஸ்டர் மாமா உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருந்தார். ரயில்வே பணிமனையில் அப்பாவோடு முப்பது வருடம் வேலை பார்த்தவர். சாகக் கிடக்கிறவன் என்று சலுகை கொடுக்கிற ஆளில்லை.

“நின்னா போதுமாடா? திரும்பி ஓட வேண்டாமா? போன வாரம் அந்தப் பொடியன் தாண்டிப் போனப்ப, பஸ்ஸை விட்டவன் மாதிரி பாத்துக்கிட்டு நின்னான் உன் செல்லப்பிள்ளை.”

“உனக்குத் தெரிஞ்ச ஹாக்கி அவ்வளவுதான்.”

“சரி, அவன் கிளம்பிட்டான்னா?”

“என்னைக் கேக்காம போகமாட்டான். மொத ஒப்பந்தத்துக்குக் கேட்டான். கல்யாணத்துக்குக் கேட்டான். விவாகரத்துக்கும் கேட்டான்.”

“கேட்டா என்ன சொல்லுவே?”

“இருன்னு சொல்லுவேன். வேற என்ன.”

லரிசா குச்சியைக் கிண்ணத்தில் போட்டாள். அவளுடைய விவாகரத்தின்போது அப்பா கேட்டது ஒரே கேள்விதான். கார் யாருக்கு என்று.

அப்பா படுத்திருந்த இந்த மாடி அறை ஒரு காலத்தில் அவளுடையது. பிராண்டன் ஊர் இளைஞர் அணிக்கு ஆட வரும் வெளியூர்ப் பையன்களை ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போடுவது வழக்கம். இருபத்தொரு வருடத்துக்கு முன் கிம்லியிலிருந்து இரண்டு பையோடு வேட் வந்து இறங்கினான். வளர்கிற பையன், வெளிச்சமான அறை வேண்டும் என்றார் அப்பா. பதினைந்து வயது லரிசாவின் கட்டில் நிலவறைக்கு, வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்தில் போயிற்று. மூன்று வருடம் கழித்து அவன் போன பிறகும் அது வேட் ரூம்தான். போன ஆகஸ்டில் நோய் முற்றியதும் அப்பா தன் படுக்கையை இங்கே போடச் சொன்னார்.

அவளும் ஹாக்கி ஆடினாள், அதே தடுப்பு வரிசையில். அவளுடைய ஆட்டத்துக்கு அப்பா மொத்தம் இரண்டு முறை வந்தார். இரண்டாவது முறை பாதியிலேயே எழுந்து போனார். வேட்டுக்குப் பல் உடைந்துவிட்டதாம்.

பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் தேடுவதை அவள் என்றைக்கோ விட்டுவிட்டாள். வேலைக்கு விடுப்புப் போட்டு ஏழு மாதமாக மலமும் மூத்திரமும் எடுக்கிறவள் அவள். அவன் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆரஞ்சுப் பெட்டியோடு வந்து அரை மணி உட்கார்ந்துவிட்டுப் போவான். அவன் வரும் நாளில் மட்டும் அப்பா சவரம் செய்துவிடச் சொல்வார். அவர் கன்னத்தில் நுரை தடவும்போது அவளுக்கு வயிறு பற்றி எரியும்.

நேற்று வந்த நர்ஸ், இன்னும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

நெஸ்டர் மாமா கிளம்பினார். வலி மருந்து கொடுத்ததும் அப்பா தூங்கிப்போனார். பன்னிரண்டேகாலுக்குப் போன் அடித்தது. லரிசா சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

“அப்பா எப்படி இருக்கார்?” என்றான் வேட். கிம்லியில் அவனைப் பெற்றவர் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். ஆனாலும் இவன் வாயில் அப்பா என்றால் ஓரெஸ்ட்தான்.

“தூங்கறார். இப்பத்தான் மருந்து குடுத்தேன்.”

“எழுப்பாதே. லரிசா, ஃப்ளோரிடா விஷயம் நெஜம்தான். ரெண்டு மணிக்குள்ள பதில் சொல்லணும். சரின்னா நாலு மணிக்கு ஃப்ளைட்.”

“இல்லைன்னா?”

“இன்னிக்கு மேட்ச் இல்லை. உடனே கார் எடுத்தா ரெண்டரை மணி நேரத்துல அங்க இருப்பேன். அவர்கூடவே இருந்துடுவேன், கடைசிவரைக்கும். உனக்கும் ஒத்தாசையா இருக்கும்.”

ஒத்தாசை. அவன் வந்து உட்காருவதை அவள் மனசுக்குள் பார்த்தாள். அந்த அகலத் தோளோடு கட்டில் ஓரத்தை அடைத்துக்கொண்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு. அப்பா கண் திறந்து அவனைப் பார்ப்பார். அவள் கிண்ணம் கழுவிக்கொண்டிருப்பாள்.

“காலைல என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?”

“சொன்னார்,” என்றாள் லரிசா. “போகச் சொன்னார்.”

மறுமுனையில் கார்ச் சாவி மேஜையில் விழும் சத்தம் கேட்டது.

“இருன்னு சொல்வார்னு நினைச்சேன்.”

“போகச் சொன்னார். கோப்பை ஜெயிக்க இதுதான் கடைசி வாய்ப்பாம்.”

அவள் வாதத்தில் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கும் ஹாக்கி தெரியும். இரண்டு வருடமாக அவனுடைய இடது கால் திரும்பும்போது பிந்துகிறது. எந்தப் புத்திசாலி நிர்வாகமும் இந்நேரம் கைமாற்றி விட்டிருக்கும். இதையெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, போனை வைத்துவிட்டு சூப்புக்குக் கேரட் நறுக்கினாள். நெஞ்சில் அப்படியொரு நிம்மதி. திருட்டு நிம்மதி என்று தெரிந்தும் அது நன்றாகத்தான் இருந்தது.

டிவியை அணைக்க மறந்துவிட்டாள்.

ஒன்றரை மணிக்கு மாடி ஏறியபோது அப்பா விழித்திருந்தார். திரையில் வேட்டின் படத்துக்கு அதற்குள் ஃப்ளோரிடா சட்டையை மாட்டிவிட்டிருந்தார்கள். கோட்டுக்காரர்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“போயிட்டான்,” என்றார் அப்பா.

“ஆமாப்பா.”

“போன் பண்ணினானா?”

உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அதற்குப் பின்னால் மற்றதெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும். “இல்லப்பா,” என்று வந்துவிட்டது அவள் வாயில்.

அப்பா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். “அவசரத்துல இருந்திருப்பான்,” என்றார். பிறகு, “அதை நிறுத்திடு.”

லரிசா நிறுத்தினாள். இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு அப்பா முழுசாக அவளுக்குக் கிடைத்தார். பங்கு கேட்க ஆள் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சூப்பு வேண்டாம் என்றார். தண்ணீரும் வேண்டாம் என்றார்.

நாலு மணிக்கு அவளால் தாங்க முடியவில்லை. “அப்பா, நான் இருக்கேன்ப்பா.”

“தெரியும்,” என்றார் சுவரைப் பார்த்தபடி. “நீ எப்பவும் இருப்பே.”

திட்டியிருந்தால்கூட அழுதிருப்பாள். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவன் கேட்டான்ப்பா, நான்தான், நான்தான் என்று உள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்தேகாலுக்கு ஒருவழியாக வாயைத் திறந்து, “அப்பா, வேட் போன் பண்ணினான்,” என்றாள். அப்பாவின் மூச்சு அதற்குள் வேறு மாதிரி ஆகியிருந்தது. இன்னொரு முறை, காதருகே குனிந்து, உரக்கச் சொன்னாள். வெளிச்சம் போவதற்குள் அவர் போய்விட்டார்.

புதன்கிழமை அடக்கம். வேட் அதிகாலை விமானத்தில் வந்தான். பெற்ற பிள்ளைகள் சவப்பெட்டியைத் தூக்குவது இங்கே வழக்கமில்லை. அதனால் லரிசா பின்னால் நடந்தாள், வேட் முன்னால் தூக்கினான். புது அணியில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே வலது கையில் இரண்டு விரல் முறிந்து கட்டுப் போட்டிருந்தான். இடது கையால் தூக்கினான்.

சர்ச் கூடத்தில் பெண்கள் பெரோகிக் கொழுக்கட்டையும் முட்டைக்கோஸ் உருண்டையும் பரிமாறினார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முதலில் அவன் கையைத்தான் பிடித்தார்கள். இன்றைக்கு அவளுக்கு எரியக்கூட இல்லை. எரிந்தால் தேவலை என்றிருந்தது.

கூட்டம் குறைந்ததும் அவன் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் நெஸ்டர் மாமா தட்டோடு இருந்தார்.

“கடைசி நேரத்துல விட்டுட்டுப் போயிட்டியேப்பா,” என்றார் மாமா.

“நானா போகலை, மாமா. அப்பா போகச் சொன்னார். லரிசாகிட்ட சொல்லியிருக்கார்.”

நெஸ்டர் மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். வாயில் இருந்ததை மெதுவாக மென்று விழுங்கினார்.

“அஞ்சு நாளா அதையேதான் நினைச்சிட்டிருக்கேன்,” என்றான் வேட். “அவர் சொல்லலைன்னா போயிருக்கவே மாட்டேன். என்ன வார்த்தை சொன்னார்னு சொல்லு லரிசா. அப்படியே சொல்லு.”

மாமா முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

இப்போது சொல்லலாம். நீ கேட்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் அவர் செத்தார் என்று. பதினைந்து வயதிலிருந்து அவனை அடிக்க ஒரு இடம் தேடியவளுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது, வெட்கமில்லாமல்.

இரக்கமோ பயமோ, அவளுக்கே தெரியாது. அவள் பேசினாள். வந்தது அப்பாவின் பேச்சு, நடுவில் வாங்கும் மூச்சோடு.

“‘நான் பெத்திருந்தாக்கூட இவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டேன். போகட்டும்... என்னை நினைச்சு நிக்க வேண்டாம்.’ இதான் சொன்னார்.”

வேட் கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டான். அந்தப் பெரிய தோள் குலுங்கிற்று. கொஞ்ச நேரம் கழித்து, அப்பாவின் படம் போட்ட நினைவு அட்டையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துத் திருப்பி அவள் முன்னால் வைத்தான்.

“இதுல எழுதிக் குடு. எனக்குப் பேனா பிடிக்க முடியலை. மறந்துடக் கூடாது.”

நெஸ்டர் மாமா தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். லரிசா வாங்கி, ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். மூடியை மூடி அட்டையைத் தள்ளினாள்.

அவன் உதடு அசைய இரண்டு முறை படித்தான். மறுபடி அவள் பக்கம் தள்ளினான்.

“கீழ ‘அப்பா’ன்னு போடு.”

நெஸ்டர் மாமா எழுந்து, காபி இருந்த மேஜைப் பக்கம் போனார். லரிசா பேனாவைத் திறந்தாள்.