பதினேழாவது பெயர்

தபால்காரி லுத்ஃபியா அந்தக் கடிதத்தை உரிய வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேரே வந்து நெரியாவின் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, இது பக்மல் அக்காவுக்கு. நான் அந்த வாசல்ல நின்னு நீட்ட மாட்டேன். இந்த மாசத்துல இது பதினொண்ணாவது. என் கையைப் பார்த்தாலே ஜனங்க கதவைச் சாத்துறாங்க."

கறுப்புக் கடிதம், போர்முனையிலிருந்து வரும் சாவுச் செய்தி. போர் தொடங்கி இரண்டாவது குளிர்காலம் அது. சமர்கந்தில் யூதர்கள் வாழும் அந்தத் தெருக்களில் அப்படி ஒரு கடிதத்தைப் பிரித்துப் படிக்க வேண்டியதே இல்லை. உறையைப் பார்த்தாலே போதும். ஆனாலும் நெரியா பிரித்தார். பக்மலின் ஒரே மகன் இல்யாவு போர்முனையில் இறந்திருந்தான். கீழே தேதி இருந்தது. விரல்விட்டு எண்ணினார். அன்று செவ்வாய்க்கிழமை. அவன் இறந்து பத்தொன்பதாவது நாள்.

அந்த எண்தான் அவரை அப்படியே உட்கார வைத்துவிட்டது.

நெரியா குரு அல்ல. குருவை ஆறு வருஷத்துக்கு முன்பு கூட்டிப்போன அரசாங்க ஆட்கள் திருப்பி அனுப்பவில்லை. அன்றிலிருந்து பிரார்த்தனைக் கூடத்தின் சாவி இந்தத் தோல் வியாபாரியின் இடுப்பில் தொங்கியது. எதற்கெடுத்தாலும் ஜனங்கள் அவரிடம்தான் வந்தார்கள். சட்டம் அவருக்குத் தெரியும். பிள்ளை இறந்த செய்தி முப்பது நாளுக்குள் காதில் விழுந்தால் தாய் ஏழு நாள் தரையில் உட்கார வேண்டும். வேலை கூடாது, வீட்டுப் படி தாண்டக் கூடாது. முப்பது நாள் கழிந்த பிறகு செய்தி வந்தால் ஒரே ஒரு மணி நேரம். அதற்கு மேல் இல்லை. கேட்காத செய்திக்குத் துக்கம் கிடையாது. போய்ச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கடிதத்தைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு பக்மலின் முற்றத்துக்கு நடந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார்.

முற்றத்தில் நூற்றைம்பது பேர் நின்றார்கள். போலந்திலிருந்தும் உக்ரைனிலிருந்தும் ரயிலில் வந்து இறங்கிய சனம். பாதிப் பேருக்குக் காலில் துணிதான் சுற்றியிருந்தது. சமையலறை வாசலில் பக்மல் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டிருந்தாள். அடியில் ஒரு முழம் இடைவெளி. வெளியிலிருந்து கிண்ணம் நீளும். உள்ளேயிருந்து கரண்டி ஊற்றும். யார் வாங்குகிறார் என்று அவளும் பார்ப்பதில்லை, யார் கொடுக்கிறார் என்று அவர்களும் பார்ப்பதில்லை. ஊரில் டாக்டராக இருந்தவனும் பள்ளிக்கூடம் நடத்தியவனும் அந்த வரிசையில் நின்றார்கள். அவர்கள் முகத்தைத் தான் பார்த்துவிடக் கூடாது என்பது அவள் போட்ட விதி.

"போர்வைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மகராசி!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. தையல்காரர் ஹெர்ஷ். "இன்னைக்குக் கஞ்சியில பயறு ஒண்ணைத் தனியா நீந்த விட்டிருக்கீங்களே, அதுக்குத் துணைக்கு இன்னொண்ணு போடக் கூடாதா?"

"போட்டா ரெண்டும் சண்டை போடும். வயித்தைக் கலக்கும். அடுத்த ஆளு!"

நெரியா உள்ளே போனார். உதவிக்கு இருந்த இரண்டு பெண்களும் விஷக் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். அவள் ஒருத்திதான் நின்றாள். விடிவதற்குள் எழுந்து கூட்டுப்பண்ணைக்கு நடந்து போய், மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பாசிப்பயறும் மஞ்சள் கேரட்டும் வாங்கி வருவதும் அவள்தான். வேறு யார் போனாலும் அந்த மனிதன் நாயை அவிழ்த்துவிடுவான்.

ஏழு நாள் என்று நினைத்தார் நெரியா. இந்தக் குளிரில், இந்த ஜனங்களுக்கு, ஏழு நாள்.

"என்னண்ணே, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. தண்ணி எடுத்துட்டு வரட்டுமா?"

"நீங்களா? சொர்க்கத்துக்குப் புண்ணியம் பத்தலைன்னு யாராச்சும் சொன்னாங்களா?" அவள் சிரித்தாள். அவர் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தச் சிரிப்பு முதுகில் உறைபனி போல விழுந்தது.

அன்றிலிருந்து தினமும் தண்ணீர் சுமந்தார். விறகு பிளந்தார். இரவில் தூக்கமில்லை. முப்பது நாள் தாண்டட்டும், நூற்றைம்பது உயிருக்காகத்தானே என்று சொல்லிக்கொள்வார். உடனே இன்னொன்றும் தோன்றும்: அவளுடைய ஏழு நாளைத் திருட நீ யார்? இரண்டுக்கும் நடுவே கடிதம் கோட்டுப் பையில் கிடந்து கசங்கியது.

சனிக்கிழமை வந்தது. வேத வாசிப்பு முடிந்ததும் போரில் இருக்கும் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, உயிரோடு திரும்ப வேண்டும் என்று வேண்டுவது வழக்கம். பிள்ளையின் பெயரோடு தாயின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். பதினேழு பெயர். நெரியாவுக்கு மனப்பாடம். எட்டாவது பெயரைச் சொல்லிவிட்டு ஒன்பதாவதில் நாக்கு நின்றது. 'பக்மலின் மகன் இல்யாவு.' மண்ணுக்குள் போனவனைக் காப்பாற்று என்று ஆண்டவனிடம் எப்படிக் கேட்பது? கடவுளின் பெயரை எடுத்து, பொய் என்று தெரிந்தே ஒரு வேண்டுதலைச் சொல்ல ஐம்பத்தெட்டு வயது வரை அந்த வாய் பழகவில்லை. ஒரு மூச்சு நின்று, பத்தாவது பெயருக்குப் போனார். ஆண்கள் யாரும் கவனிக்கவில்லை. பக்கத்து அறையின் கதவு பெண்களுக்காகக் கொஞ்சம் திறந்திருந்தது. அந்தப் பக்கம் அவர் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு பக்மல் அவரைக் கிண்டல் செய்யவில்லை. வாளியை வாங்கி வைப்பாள், அவ்வளவுதான். களைப்பு என்று நினைத்துக்கொண்டார். ஹெர்ஷ் போர்வைக்கு வெளியே நின்று ஏதேதோ சொல்லிப் பார்த்தார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. கரண்டி மட்டும் வந்தது. ஒரு நாள்கூட அடுப்பு அணையவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் அந்தப் பெயரைத் தாண்டிப் போனார். மறுநாள் ஞாயிறு. முப்பத்தொன்றாவது நாள்.

காலையில் போனபோது இரண்டு பெண்களில் ஒருத்தி, ஃப்ரூமா, காய்ச்சல் தெளிந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்மல் கொப்பரையைக் கிண்டிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"நாள் தாண்டிடுச்சா அண்ணே?"

நெரியாவின் கையிலிருந்த வாளி தரையில் உட்கார்ந்தது.

"முந்தின சனிக்கிழமை பதினாறு பேர்தான் படிச்சீங்க. நான் ஒவ்வொரு வாரமும் எண்ணுவேன். எட்டு முடிஞ்சா என் பேர் வரும். வரலை."

"பக்மல்..."

"மறந்திருப்பீங்களோன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். நீங்க மறக்கிற ஆள் இல்லை. பொய்யா வேண்டிக்கிற ஆளும் இல்லை. திடீர்னு தண்ணி தூக்க வேற வந்தீங்க." கரண்டி ஓரத்தில் தட்டியது. "யாரும் என் காதுல சொல்லலைன்னா நான் கேட்கலைன்னுதானே சட்டம்? அதான் ஒருத்தர்கிட்டயும் கேட்கலை. உங்க பக்கம்கூடத் திரும்பலை. திரும்பினா உங்க மூஞ்சியே சொல்லிடும்."

"அடுப்பு நின்னுடும்னு பயந்துட்டேம்மா. இவ்வளவு சனம்..."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"என்னன்னு கேட்கிறது? கேட்டாலே சொன்ன மாதிரி ஆயிடுமே. சரி, கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்பே?"

"இதையேதான் சொல்லியிருப்பேன். அடுப்பு எரியணும்னுதான். ஆனா அதை நான் சொல்லியிருப்பேன் அண்ணே. என் பிள்ளை அவன்."

நெரியாவால் நிமிர முடியவில்லை. மெல்லக் கடிதத்தை எடுத்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாயால சொல்லுங்க."

சொன்னார். மகன் பெயரையும் தாய் பெயரையும் சேர்த்து, கூடத்தில் சொல்லாமல் விட்டதைச் சமையலறையில் சொன்னார்.

பக்மல் தன் கம்பளிச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். போர்வைக்கு உள்பக்கம், அடுப்பின் பக்கத்தில், வெறும் தரையில் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரம் பதினொன்றைக் காட்டியது. பிறகு அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதாள். எட்டு நாளாக எங்கே வைத்திருந்தாளோ, அவ்வளவும் வந்தது.

வெளியே வரிசை அசைந்தது. நெரியா கரண்டியை எடுத்தார். அழுகுரல் போர்வையைத் தாண்டிப் போயிருந்தது. "என்ன ஆச்சு?" என்று ஹெர்ஷ் கேட்டார். ஃப்ரூமா வெளியே போய் இரண்டே வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தை வரிசையின் கடைசிவரை நடந்துபோனது. கிண்ணங்கள் நீளுவது நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, போர்வையின் அடியில் ஒரு கை வந்தது. கிண்ணம் இல்லை. உள்ளங்கையில் ஒரு ரொட்டித் துண்டு. அன்றைய ரேஷனில் பாதி. அதைத் தரையில் வைத்துவிட்டுக் கை போய்விட்டது. அடுத்த கையில் நாலு உலர்ந்த திராட்சை. பனியில் இரண்டு விரல் போன ஒரு கை ஒரு சின்ன வெங்காயத்தை வைத்தது. ஊசி குத்திக் குத்திக் கருத்த விரல்கள் ஒரு வேகவைத்த முட்டையை மெதுவாக உருட்டிவிட்டன. அந்தக் குளிர்காலத்தில் ஒரு முட்டைக்கு ஹெர்ஷ் எதை விற்றாரோ, கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

துக்க வீட்டின் முதல் உணவை அடுத்தவர் கொண்டுவர வேண்டும். துக்கப்படுகிறவர் தன் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது. அது ஏழு நாள் உட்காருகிறவர்களுக்கான முறை. ஒரு மணி நேரத் துக்கத்துக்கு அந்த உணவு கிடையாது. நெரியாவுக்கு அது தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. முட்டையை உரித்து அவள் கையில் கொடுத்தார்.

"இது தையல்காரர் கை," என்றாள் பக்மல். "இந்த விரல் போன கைக்கு எப்பவும் அரைக் கரண்டி கூட ஊத்துவேன். அவர் யாருன்னு தெரியாது." முட்டையைப் பிட்டு வாயில் போட்டாள்.

கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியது. நேரம் ஆகிவிட்டது என்று சொல்ல வேண்டியவர் நெரியாதான். சொல்லவில்லை. கைகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. கடைசிக் கை போன பிறகு அவளே செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"கொப்பரை அடிப்பிடிக்குது பாருங்க. கிண்டத் தெரியாதவருக்குக் கரண்டி எதுக்கு?"

அவர் கரண்டியைக் கொடுத்தார். வாசல்வரை போய்த் திரும்பி நின்றார்.

"பக்மல், இறந்தவனுக்காகச் சொல்ல வேண்டிய பிரார்த்தனை இருக்கு. அவனுக்கு அப்பா இல்லை, தம்பி இல்லை. வருஷம் முழுக்க நான் சொல்லட்டுமா? உன்னைக் கேட்கிறேன்."

அவள் கொப்பரையை ஒரு சுற்றுக் கிண்டினாள்.

"கேட்காம ஆரம்பிச்சிருந்தீங்கன்னா இந்தக் கரண்டியாலயே போட்டிருப்பேன்," என்றாள். "சொல்லுங்க அண்ணே. என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க."

போர்வையின் அடியில் முதல் கிண்ணம் நீண்டது. பக்மல் ஊற்றினாள்.