எதிர்வீட்டு மருமகள்

மனித குலத்தின் மேன்மையெல்லாம் உயரத்தில்தான் இருக்கிறது. தீர்க்கதரிசிகள் மலை ஏறினார்கள். கான்கள் குன்றின் மேல் கூடாரம் அடித்தார்கள். கசாக் நாட்டு அல்மாத்தி நகரில் நாலு காசு சேர்த்தவன் மலை இருக்கும் பக்கமாக மேலே மேலே குடியேறுகிறான். இந்தப் பேருண்மையை உணர்ந்துதான் குல்யாஷ், நகரத்துக்கு வெளியே, மேற்கே போகும் நெடுஞ்சாலையை ஒட்டி எழும்பிய ‘புதிய வெனிஸ்’ குடியிருப்பில் ஏழாவது மாடியில் வீடு வாங்கினாள்.

அவள் வீட்டுச் சன்னல் குப்பைத் தொட்டிகளைப் பார்த்து இருந்தது.

விற்கும்போது ‘மலைக் காட்சி உண்டு’ என்றுதான் சொன்னார்கள். பொய்யில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பு வரை வெளியே சாய்ந்து கழுத்தைத் திருப்பினால் ஒரு சிகரத்தின் ஓரம் தெரியும். அவள் கணவர் அமன்தை ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்டு ஒரு வாரம் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தார். வெனிஸ் என்ற பெயருக்கும் காரணம் இருந்தது. வசந்தத்தில் பனி உருகியதும் நிலவறைக் கார் நிறுத்தத்தில் தண்ணீர் நிற்கும்.

எதிர்வீடு முழுவதும் மலையைப் பார்த்த வீடு. அது பூட்டிக் கிடந்தவரை குல்யாஷுக்குக் கவலையில்லை. தனக்குக் கிடைக்காத மலை யாருக்குமே கிடைக்கவில்லை என்பதில் ஒரு நியாயம் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. இந்த வசந்தத்தில் அந்தப் பூட்டு திறந்தது.

வந்தவள் பெயர் அய்சுலு. குல்யாஷைவிடப் பத்து வயது சின்னவள். ஒல்லியாக இருந்தாள், அதை மன்னிக்கலாம். சோபா இத்தாலியிலிருந்து வந்தது, அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு மன்னிக்கலாம். அவள் கணவன் எர்தென் கடைப் பைகளைத் தானே தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். அதை மன்னிக்கக் கொஞ்சம் நாள் பிடித்தது. ஆனால் அய்சுலுவுக்கு ஒரு மருமகள் இருந்தாள். நாசிம் என்று பெயர். மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்தாள். அது போதாதென்று, காலையில் லிஃப்டில் குல்யாஷைக் கண்டதும், முழங்காலில் கை வைத்து, ஒரு காலை லேசாக மடக்கி, பழைய முறைப்படி வணங்கினாள். லிஃப்டில்! அதுவும் காலில் ஓட்டப்பந்தயச் சப்பாத்தோடு!

குல்யாஷுக்கும் மருமகள் உண்டு. ஜுல்திஸ், நகரத்தில் ஒரு வங்கியில் வேலை. பண்டிகைக்கு மாமியாருக்குக் கைபேசியில் கட்டைவிரல் படம் அனுப்புவாள்.

அன்றிலிருந்து குல்யாஷ் கதவுக் கண்ணாடித் துளையில் குடியிருந்தாள். நாசிம் குப்பைப் பையோடு போகிறாள். நாசிம் மாமனாரின் சப்பாத்தைத் துடைத்து வாசலில் வைக்கிறாள். “இங்க வந்து பாருங்க, சப்பாத்து துடைக்கிறா!” என்று அமன்தையைக் கூப்பிட்டாள்.

“எனக்கு வேணும்னா நானே துடைச்சுக்கறேன்” என்றார் அமன்தை.

“உங்க சப்பாத்தைப் பத்தி யாரு பேசினா?”

இதற்கு நடுவில் எருலிக் வேறு. புதிதாகக் குடிவந்தவர்களை, ஏற்கெனவே குடியிருப்பவர்கள் வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்க வேண்டும். பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். கூடாரம் போய்க் கான்கிரீட் வந்தும் அது போகவில்லை. எதிர்வீட்டுக்காரி என்ற முறையில் முதல் விருந்து குல்யாஷுடையது. தள்ளிப்போட்டால் மூன்றாவது மாடிக் கர்னல் சகின்பெக் முந்திக்கொள்வார். ஓய்வு பெற்றும் உத்தரவு போடுவதை விடாத கிழவர். கட்டடக் குழுவின் தலைவர் அவர்தான். அவர் முந்திக்கொண்டால் ஏழாவது மாடிக்காரி கஞ்சப்பிசினாறி என்று பெயர் நிலைத்துவிடும்.

விருந்து வைக்கலாம். ஆனால் தேநீரை யார் ஊற்றுவது? மருமகள் இருக்கிற வீட்டில் மாமியார் எழுந்து ஊற்றினால் மானம் என்னாவது? அதுவும் நாசிமின் கண் முன்னால்?

குல்யாஷ் ஜுல்திஸைக் கூப்பிட்டாள்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்துட்டுப் போம்மா. ஆளுங்க வர்றாங்க. டீ மட்டும் ஊத்திக் குடு, போதும்.”

“ஞாயித்துக்கிழமை எனக்கு யோகா இருக்கே அத்தை. டீதானே? எல்லாருக்கும் கை இருக்கு, அவங்கவங்க ஊத்திக்கட்டுமே.”

குல்யாஷ் கைபேசியைக் காதிலிருந்து எடுத்து, ஏதோ செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அப்போதுதான் கீழே காபி விற்கும் பெண்ணின் நினைவு வந்தது. தரைத்தளத்தில், முன்வாசலை ஒட்டி, சன்னல் அளவில் ஒரு காபிக் கடை. குல்யாஷ் அந்தப் பக்கம் போகமாட்டாள். வீட்டில் கெட்டில் இருக்கும்போது காகிதக் குவளைக்குக் காசு கொடுப்பவர்களைக் கண்டால் அவளுக்கு எரிச்சல். அதனால் எப்போதும் பின்வாசல் வழிதான். கடையில் நிற்கும் பெண்ணைக் கண்ணாடி வழியே ஒருமுறை பார்த்திருந்தாள். நீளமான பின்னல், அடக்கமான முகம். தலையில் ஒரு துணியைக் கட்டினால் அசல் மருமகள்.

கடை சாத்தும் நேரமாகப் பார்த்துப் பிடித்தாள். அல்பினா என்று பெயர், வடக்கே பெத்ரோபாவ்லிலிருந்து வந்தவள். கசாக் மொழி தட்டுத் தடுமாறித்தான் வரும்.

“நீ பேசவே வேண்டாம், அதுதான் அழகு” என்றாள் குல்யாஷ்.

“நடிக்கணுமா அத்தை?” அல்பினாவின் கண் மின்னியது. “பள்ளிக்கூடத்துல நான் மரமா நடிச்சிருக்கேன்.”

“இங்கயும் அதேதான்.”

விஷயத்தைக் கேட்டதும் அமன்தை ரொட்டியை மெல்வதை நிறுத்தினார்.

“அந்தப் பொண்ணு வேணாமே, குல்யாஷ்.”

“ஏன்? உங்களுக்கு அவளைத் தெரியுமா?”

அமன்தைக்கு ரத்த அழுத்தம். காபி கூடவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் அவர் நடைப்பயிற்சிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவார்.

“எனக்கெப்படித் தெரியும்?” என்றார். “சும்மா சொன்னேன்.”

குல்யாஷ் இரண்டு சாயங்காலம் பாடம் நடத்தினாள். எப்படி வணங்குவது, எந்தக் கையால் நீட்டுவது, பாலை முதலில் விடுவது, முதுகைக் காட்டாமல் பின்னால் நகர்வது. எல்லாம் சொன்னாள். எவ்வளவு ஊற்றுவது என்று மட்டும் சொல்லவில்லை. அதையெல்லாம் யாராவது சொல்லிக்கொடுப்பார்களா? கோப்பையின் அடி மறையும் அளவுக்கு ஊற்றுவதுதான் மரியாதை என்று தவழ்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். குடித்துவிட்டு நீட்டுவார்கள், மறுபடி கொஞ்சம் ஊற்றலாம், பேச்சும் நீளும். விளிம்பு வரை ஊற்றினால் ‘இதைக் குடித்துவிட்டு நடையைக் கட்டு’ என்று பொருள். பெத்ரோபாவ்லில் அல்பினாவின் வீட்டில் தேநீரைப் பெரிய குவளையில் ஊற்றி, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே குடிப்பார்கள் என்பது குல்யாஷுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் வந்தார்கள்: அய்சுலு, எர்தென், நாசிம், முதிய விருந்தாளியாகக் கர்னல். மேசை நடுவில், இறைச்சியும் மாவுத் துண்டங்களும் கலந்த பெஷ்பர்மக்கில் ஆவி பறந்தது. மூத்தவருக்கே உரிய ஆட்டுத் தலை கர்னலுக்கு முன்னால் வைக்கப்பட்டது. குப்பைத் தொட்டி தெரியாதிருக்கப் புதிதாக வாங்கிய கனத்த திரையை இழுத்து மூடியிருந்தாள் குல்யாஷ்.

“பட்டப்பகல்ல எதுக்கும்மா திரை?” என்றார் கர்னல், ஆட்டின் காதை அறுத்துக்கொண்டே.

“வெயில் பட்டா கம்பளம் வெளுத்துடும் மாமா.”

“வடக்குச் சன்னல்ல வெயிலா?”

“கஸ்ஸி எடுத்துக்கோங்க” என்று குதிரைக்கறித் தட்டை நகர்த்தினாள் குல்யாஷ். “எதிர்ல மலை தெரியற வீட்ல இருக்கறவங்களுக்குத்தான் திரையே தேவைப்படாது. இல்லையா அய்சுலு?”

“மலை எங்க ஓடிப்போகுது அக்கா? எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க” என்றாள் அய்சுலு. அவள் நல்லவிதமாகச் சொன்னாள். குல்யாஷால் பொறுக்க முடியாதது அதுதான்.

குல்யாஷ் கை தட்டினாள். தலைத்துணியும் பட்டு மேலங்கியுமாக அல்பினா உள்ளே வந்து, முழங்காலில் கை வைத்து வணங்கினாள். கச்சிதமான வணக்கம். நாசிமினுடையதைவிட ஒரு விரற்கடை கூடுதலாகவே குனிந்தாள்.

“என் மருமகள்” என்றாள் குல்யாஷ்.

எர்தெனுக்குப் புரையேறியது. நாசிமின் கண்கள் விரிந்தன. கர்னல், “அட, இது நம்ம...” என்று தொடங்கவும், அய்சுலு சட்டென்று அவர் வாயருகே ஒரு துண்டு கஸ்ஸியை நீட்டினாள். “சாப்பிடுங்க மாமா, ஆறிடும்.” அமன்தை ஒரு எலும்பை எடுத்து அதன் உள்பக்கத்தை ஆராய ஆரம்பித்தார்.

வாயடைத்துப் போனார்கள், பார்! என்று குல்யாஷின் நெஞ்சு குளிர்ந்தது. அதிலும் நாசிம் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்ததைப் பார்த்தபோது, இத்தனை நாள் வயிற்றெரிச்சலுக்கும் யாரோ பனிநீர் தெளித்ததுபோல் இருந்தது.

“நகரத்துல வங்கி வேலை. ஆனா வீட்டுக்கு வந்துட்டா என் சொல்லைத் தட்டமாட்டா” என்று சேர்த்துக்கொண்டாள்.

தேநீர் வேளை வந்தது. வெந்நீர் கொதிக்கும் பெரிய பித்தளைச் சமோவாரை மேசையில் வைத்து அதன் பின்னால் அல்பினா உட்கார்ந்தாள். குல்யாஷ் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அவள் கை தெரியாது, தலைத்துணிதான் தெரியும். முதல் கோப்பை, சமோவாருக்கு அந்தப் பக்கம் இருந்த கர்னலுக்குப் போனது. கர்னல் அதைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார், அல்பினாவைப் பார்த்தார், மறுபடி கோப்பையைப் பார்த்தார். விளிம்பில் தேநீர் நடுங்கிக்கொண்டிருந்தது.

அய்சுலு தாழ்ந்த குரலில் சொன்னாள்: “சின்னப் பொண்ணு அக்கா, புது ஆளுங்களப் பார்த்துக் கை தடுமாறியிருக்கும். நாங்க ஒண்ணும் நினைச்சுக்கல.”

குல்யாஷுக்குச் சுருக்கென்றது. மலையை விட்டுக்கொடுத்தாயிற்று, இப்போது மருமகளிலும் குறை கண்டுபிடிக்கிறாளா இவள்?

“என் மருமகளுக்குக் கை தடுமாறாது” என்றாள் நிமிர்ந்து. “நான் சொல்லிக்குடுத்தபடிதான் ஊத்தியிருக்கா. எல்லாருக்கும் அதே மாதிரி ஊத்தும்மா!”

அல்பினா அப்படியே ஊற்றினாள். எர்தெனுக்கு, அய்சுலுவுக்கு, நாசிமுக்கு. கடைசிக் கோப்பை குல்யாஷின் முன்னால் வந்து, தட்டில் கொஞ்சம் சிந்திவிட்டு, நின்றது. குல்யாஷ் அதில் தன் முகத்தைப் பார்த்தாள்.

இவள் மருமகளே இல்லை, காபிக் கடைப் பெண், வடக்கத்தியாள், ஒன்றும் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விருந்து பிழைத்துவிடும். வாயைத் திறந்தாள். எதிரில் நாசிம் பணிவாக உட்கார்ந்திருந்தாள், கையை மடிமேல் கட்டிக்கொண்டு. குல்யாஷ் வாயை மூடிக்கொண்டாள்.

கர்னல் சூடான தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். கண்ணில் நீர் வந்தது. உள்ளங்கைகளை ஏந்தி, வீட்டுக்கு ஆசி சொல்லி, முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

“பட்டாளத்துல இருந்தவனுக்கு உத்தரவை ரெண்டு தரம் சொல்ல வேண்டியதில்லம்மா.”

மற்றவர்களும் எழுந்தார்கள். தேன் கேக் வெட்டப்படாமல் இருந்தது. வாசலில் அய்சுலு திரும்பிப் பார்த்தாள். “அக்கா, நீங்களும் வாங்களேன், நம்ம வீட்ல உட்கார்ந்து...”

“எனக்கு வேலை இருக்கு.”

எதிர்க்கதவு திறந்தது. இத்தாலிச் சோபாவுக்கு மேலே, சன்னல் நிறைய, பனியோடு மலை நின்றது. உச்சி முதல் அடி வரை, ஒரு மூலை குறையாமல். கர்னல் “அடேயப்பா!” என்றார். கதவு சாத்திக்கொண்டது.

குல்யாஷ் சமோவார் பக்கம் திரும்பினாள்.

“ஏன்டி அவ்வளவு ஊத்தின?”

“குறைச்சு ஊத்தினா கர்னல் தாத்தா சண்டைக்கு வருவாரே அத்தை” என்றாள் அல்பினா, தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே. “காலைல காபி விளிம்பு வரைக்கும் இல்லன்னா, பட்டாளமா இருந்தா இதுக்குத் தண்டனை உண்டும்பார்.”

“அவருக்கு உன்னைத் தெரியுமா?”

“தெரியாம? அய்சுலு அக்காவுக்கு லவங்கப்பட்டை போட்டது. அவங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இல்லாம. நாசிம் என் சிநேகிதி, கடையில ஆள் இல்லாதப்ப உள்ள வந்து உட்கார்ந்துக்குவா. நேத்து, எதுக்குன்னு நான் சொல்லாமலே, இந்த வணக்கத்தை அவதான் திருத்திக் குடுத்தா, இன்னும் கொஞ்சம் குனியணும்னு. அப்புறம் நம்ம அமன்தை மாமாவுக்கு...”

அமன்தை இருந்த நாற்காலி காலியாக இருந்தது. குளியலறைக் கதவு தாழிடும் சத்தம் கேட்டது.

அந்தக் கட்டடத்தில் அல்பினாவிடம் காபி வாங்காதவள் குல்யாஷ் ஒருத்திதான்.