டெல்மர் கக்கிய மழை

வடக்கே ஒரு மலையூர் விடுதியின் வாசலில் சகுவாரோக் கள்ளி அழுகத் தொடங்கிய அன்றே, இங்கே பாலைவனத்தில் அதை விற்ற டெல்மரின் வாயிலிருந்து கறுப்புச் சாறு வடியத் தொடங்கியது. சகுவாரோ கண்ட இடத்தில் நிற்கிற கள்ளி அல்ல. தெற்கே சோனோரா மாநிலத்தின் கடலோரம்வரை போகும். மேற்கே பெரிய ஆற்றைத் தாண்ட யோசிக்கும். பகலிலும் பனி கரையாத மேட்டில் காலே வைக்காது. சரளைச் சரிவில் ஏதாவது முள்மரத்தடியில் குழந்தையாக ஒண்டி, பிறகு அந்த மரத்தையே மிஞ்சி நிற்கும். எங்கள் ஓதாம் ஜனங்களுக்கு அது செடியல்ல, மனிதர். இத்தனையும் தெரிந்தேதான் டெல்மர் தன் அக்கா வெர்லிண்டா பழம் பறிக்கும் சரிவிலிருந்து பெரியதைப் பெயர்த்து, பனி பெய்யும் ஊருக்கு லாரி ஏற்றினான். நினைத்தாலே குமட்டுகிறது.

"மனுஷன வித்துட்டு வந்து நிக்கிறியேடா, வெக்கமா இல்ல?"

"கள்ளிதானேக்கா. அங்க ராஜாவாட்டம் பாத்துக்குவாங்க."

"ராஜா வெறச்சுப் போனா நீயா போய்ப் போர்வை போத்துவ?"

அவன் வாயில் வடிந்த சாற்றுக்குச் செத்த எலியும் புளித்த தயிரும் கலந்தாற்போன்ற நாற்றம். வளைகுடாவிலிருந்து வந்த மேகங்கள் டெல்மர் வீட்டுக் கூரைவரை வந்து, சகிக்காமல் திரும்பிப் போயின. பக்கத்து நிலத்தில் வெர்லிண்டா விதைத்த பயறு மண்ணுக்குள்ளேயே காய்ந்துகொண்டிருந்தது. அது போனால் அவளுக்குக் குளிர்காலத்தில் சோறில்லை. ஜூலையில் ஊரார் சகுவாரோப் பழத்தைப் புளிக்கவைத்துக் கள் இறக்கினார்கள். வயிறு முட்டக் குடித்துக் கக்க வேண்டும், கக்கினால்தான் மேகம் இறங்கும் என்பது வழக்கம். எல்லோரும் முறையாகக் கக்கினார்கள். வானம் வெறித்துக் கிடந்தது. நாற்றத்துக்குப் பயந்து டெல்மரைக் கூப்பிடாமல் விட்டிருந்தார்கள். ஊரே செய்த மடத்தனம் அது.

வெர்லிண்டா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"குடிடா."

"வேணாங்க்கா, எல்லாரும் பாக்குறாங்க."

"விக்கிறப்போ யாரும் பாக்கலையா? குடி!"

அவன் குடித்தான். கறுப்பாக, கட்டிகட்டியாக, பாதி அக்காவின் காலிலேயே கக்கினான். சீ! அந்தக் குட்டையிலிருந்து ஆவி எழும்பி மேகமாகி, அவள் நிலத்துக்கு மேல் மட்டும் நின்று, சாயங்காலம்வரை கறுப்பாகப் பெய்தது. பயறு முளைத்தது, அமோக விளைச்சல். வேகவைத்தால் தெருவே நாறியது. முதல் கவளத்தை வெர்லிண்டா மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். இரண்டாவதுக்கு மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அடுத்த ஜூலையில் கள் இறங்கியதும் டெல்மரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.