இறக்கைக்கு மணி கட்டியவர்கள்

பரசுராமனின் விமானம் முதல் தடவை விழுந்தபோது அதன் இஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. திருத்தணியில் ஒருவருக்கும் விளங்காத விஷயம் அதுதான்.

சுதந்திரம் வந்த மறு வருஷக் கோடை அது. ஏரி வற்றிக் கட்டாந்தரையாகக் கிடந்தது. சண்டைக் காலத்தில் பரசுராமன் விமானப்படையில் சேர்ந்து ஓட்டக் கற்றவர். அவருடைய சிநேகிதர் ஹயாத் பாஷா அரக்கோணம் விமானத் தளத்தில் இஞ்சின்களைப் பழுது பார்த்தவர். சண்டை முடிந்து தளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது, இருவரும் சேர்ந்து ஒரு பயிற்சி விமானத்தின் இஞ்சினை எடுத்தார்கள். சிவப்பிரகாசத்தின் நெல் மிஷின் கொட்டகையில் ஒரு மூலையை இரவல் வாங்கி, மரச்சட்டங்களால் உடம்பும் இறக்கையும் கட்டினார்கள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். இறக்கைக்குப் போர்த்திய துணி பரசுராமன் வீட்டுத் தறியில் நெய்தது. நெய்தவள் அவர் மனைவி ஜெயம்மாள்.

முதல் ஓட்டத்தைப் பார்க்க ஏரிக்கரை நிறைய ஜனம். விமானம் தரையை விட்டுக் கிளம்பிப் பாதிப் பனை உயரம் போனது. ஜனங்கள் கைதட்டினார்கள். கைதட்டல் மேலே இருந்த பரசுராமன் காதில் விழுந்திருக்க வழியில்லை, ஆனால் கைகள் கண்ணில் பட்டுவிட்டன போலும். விமானத்தின் மூக்கை இன்னும் தூக்கினார், இன்னும் தூக்கினார். அப்புறம் விமானம் சோர்ந்து போனவனைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து, கருவேலம் புதரில் போய் உட்கார்ந்தது.

ஜெயம்மாள் கரையிலிருந்து ஓடி வந்து சேர்வதற்குள் பரசுராமன் புதரை விட்டு வெளியே வந்துவிட்டார். உதடு கிழிந்திருந்தது. வேட்டியில் முள்.

"இறக்கிட்டேன்," என்றார்.

"ஆங், இறக்கினீங்க. புதருதான் தெரியாத்தனமா கீழ வந்து நின்னுகிச்சு," என்றாள் ஜெயம்மாள். 

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு பல நாள் தறியில் உட்கார்ந்தால் அவளுக்கு இழை அறுந்துகொண்டே இருந்தது. நூல் சரியில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

உடைந்த இடது இறக்கையைக் கழற்றிக் கொட்டகையில் வைத்துச் சரி செய்துகொண்டிருந்தபோது, கிழிந்த துணிக்கு ஒட்டுப்போட அவளும் வந்தாள். ஊசியில் நூலைக் கோத்தபடியே கேட்டாள்: "அண்ணே, இஞ்சின் ஓடிக்கினு இருந்துச்சே, அப்புறம் ஏன் விழுந்துச்சு?"

ஹயாத் பாஷா நிதானமான மனிதர். கையைத் துடைத்துக்கொண்டுதான் பதில் சொல்லுவார். "லாரில போறப்ப கையை வெளிய நீட்டிப் பாத்திருக்கியா தங்கச்சி? கையைக் கொஞ்சம் நிமித்துனா காத்து மேல தூக்கும். இன்னும் நிமித்துனா இன்னும் தூக்கும். ரொம்ப நிமித்திட்டா தூக்காது, பின்னாலதான் தள்ளும். இறக்கையும் அப்படித்தான். மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினா காத்து இறக்கையை விட்டுடும். இஞ்சின் பாட்டுக்கு ஓடும், விமானம் பாட்டுக்கு விழும். அதுக்கு ஸ்டால்னு பேரு."

நெல் மூட்டை எண்ண வந்த சிவப்பிரகாசத்துக்குக் கடைசி வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. "ஆடிக் கிருத்திகைக்கு இப்பவே ஸ்டால் போடறீங்களா? இன்னா விக்கப் போறீங்க?"

"ஒடஞ்ச விமானம். ஒண்ணு வாங்கினா புருஷன் ஒண்ணு இனாம்," என்றாள் ஜெயம்மாள்.

பரசுராமன் அதைக் கேட்காதவர் போல ஆணி அடித்தார்.

"சரிண்ணே, விழறதுக்கு முன்னால அது சொல்லாதா?" என்று அவள் விடவில்லை.

"சொல்லும். லேசா நடுங்கும். ஓட்டறவங்களுக்கு உடம்புல தெரியும்."

"இவருக்குத் தெரிஞ்சுதா?"

பாஷா பரசுராமனைப் பார்த்தார். பரசுராமன் ஆணியைப் பார்த்தார்.

"அப்படின்னா வாய் விட்டுச் சொல்ற மாதிரி ஒண்ணு வெச்சாத்தான் இது மறுபடியும் ஏரிக்குப் போகும். இல்லாட்டி இந்தத் துணியைப் பிரிச்சு எடுத்துகினு போயி ஜமக்காளமா விரிச்சுடுவேன்," என்றாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

பாஷாவுக்கு ஒன்று நினைவு வந்தது. தளத்துக்கு வந்திருந்த ஒரு அமெரிக்க மெக்கானிக், தங்கள் ஊரில் இதற்கு ஒரு கருவி செய்து பார்க்கிறார்கள் என்று சொல்லியிருந்தான். இறக்கையின் முன்விளிம்பில், சற்றுக் கீழே, கட்டைவிரல் அகலத்தில் ஒரு தகடு. சாதாரணமாகப் பறக்கும்போது காற்று அதைக் கீழே அழுத்தி வைத்திருக்கும். மூக்கு அளவுக்கு மீறித் தூக்கினால் காற்று கீழிருந்து வரும். தகடு மேலே எழும்பும். எழும்பியதும் இரண்டு கம்பிகள் தொட்டுக்கொண்டு மணி அடிக்கும்.

"அவ்வளவுதானா? ஒரு பகல்ல முடிச்சுடலாமே," என்றார் பரசுராமன்.

பித்தளைத் தகட்டை வெட்டிக் கீல் வைத்ததும், டார்ச் லைட் செல்களையும் மதராசிலிருந்து வாங்கி வந்த மின்சார மணியையும் இணைத்ததும் ஒரு பகலில்தான் முடிந்தது. அந்தத் தகட்டை எந்த இடத்தில் வைப்பது என்பதுதான் முடியவில்லை. கொஞ்சம் மேலே வைத்தால் சும்மா சும்மா அடிக்கும். கொஞ்சம் கீழே வைத்தால் விழுந்து முடிந்த பிறகும் பேசாமல் இருக்கும். சரியான இடம் காற்றுக்குத்தான் தெரியும். பறந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றார் பரசுராமன். ஜெயம்மாள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்த யோசனை அங்கேயே செத்தது.

"லாரின்னு நான்தானே சொன்னேன்," என்றார் பாஷா மெதுவாக. "கையை நீட்டறதுக்குப் பதிலா இறக்கையை நீட்டுவோம்."

பாஷாவின் மைத்துனர் சத்தார் லாரி ஓட்டுகிறவர். லாரியின் பின்புறத்தில் மரச்சட்டம் அடித்து, தலைக்கு மேலே இறக்கையைப் பொருத்தி, அதைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் ஒரு நெம்புகோலும் வைத்தார்கள். காற்று இறக்கையை விட்டுவிடுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டுமே என்று பாஷா யோசித்தபோது, ஜெயம்மாள் சிவப்பும் மஞ்சளுமாக நூல்துண்டுகளை இறக்கையின் மேல் வரிசையாக ஒட்டினாள். காற்று ஒட்டிக்கொண்டு போகும்வரை நூல் படிந்து கிடக்கும். விட்டுவிட்டால் எழுந்து ஆடும். நூல் பார்ப்பது அவள் வேலை என்றும் அவளே தீர்மானித்துக்கொண்டாள். 

கனகம்மாசத்திரம் போகும் சாலையில் லாரியை விரட்டினார்கள். சத்தாரின் லாரி போகக்கூடிய முழு வேகமும் பரசுராமனின் விமானம் விழாமல் இருக்க வேண்டிய குறைந்த வேகமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பரசுராமன் நெம்புகோலைப் பிடித்து இறக்கையை நிமிர்த்துவார். ஜெயம்மாள் கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேலே பார்த்தபடி நிற்பாள். நூல் எழுந்ததும், "ஆடுது! ஆடுது!" என்று கத்துவாள். அதற்குக் கொஞ்சம் முன்பாக மணி அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் லாரியை நிறுத்தி, பாஷா ஏறித் தகட்டை ஒரு நெல் அகலம் நகர்த்துவார். மறுபடியும் விரட்டுவார்கள்.

எதிரே காவடி எடுத்து வந்த கூட்டம் ஒன்று லாரியைக் கண்டு ஓரமாக ஒதுங்கியது. ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கனகம்மாசத்திரம் பஸ் நிற்கும் இடத்தில் ஒருவன், "எந்தக் கோயில் சாமிங்க?" என்று கேட்டான்.

"சாமி இல்லப்பா, ரெக்கை," என்றார் சத்தார்.

"சாமி எங்க?"

"பின்னால நின்னுகினு நூலைப் பாத்துக் கத்திக்கினு கீது."

வெயில் தாழ்வதற்குள் இடம் கிடைத்துவிட்டது. நூல் ஆடுவதற்கு ஒரு மூச்சு முன்னால் மணி அடித்தது. மறுபடியும் மறுபடியும் அதே மாதிரி அடித்தது. அந்த இடத்தில் பாஷா பென்சிலால் ஒரு கோடு போட்டார். ஜெயம்மாள் அதன் மேல் கொஞ்சம் குங்குமம் வைத்தாள்.

இறக்கையை விமானத்தில் பூட்டி, மணியைப் பரசுராமனுக்கு நேர் எதிரே மாட்டி, ஏரிக்குக் கொண்டுபோனார்கள். இந்த முறை ஜனங்களுக்குச் சொல்லவில்லை. பரசுராமன் கிளம்பினார், எழும்பினார், ஓர் ஆள் உயரம் போனார். மூக்கைத் தூக்கினார். விமானம் தொப்பென்று சக்கரத்தின் மேல் விழுந்து, இரண்டு குதி குதித்து நின்றது. ஒன்றும் உடையவில்லை.

"உன் மணி அடிக்கவே இல்ல, பாய்," என்று கத்திக்கொண்டே இறங்கினார். "லாரில ஒரு பேச்சு, ஏரில ஒரு பேச்சு."

பாஷாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். பேசாமல் பரசுராமனை மறுபடியும் உட்கார வைத்தார். இஞ்சினைக் கிளப்பினார். இறக்கையருகே போய்த் தகட்டை விரலால் தூக்கினார். ஜெயம்மாள் காதில் லேசாக மணி விழுந்தது; எட்டி உள்ளே பார்த்தாள். மணியின் நாக்கு பேய் பிடித்தது போல அடித்துக்கொண்டிருந்தது. பரசுராமன் அதற்கு முன்னால் சாவகாசமாக உட்கார்ந்து, "எங்க அடிக்குது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இஞ்சின் சத்தத்தில் அவர் கேட்டதும் யாருக்கும் கேட்கவில்லை.

இஞ்சினை அணைத்த பிறகு ஜெயம்மாள் சொன்னாள்: "இஞ்சின் மட்டுமா? மேல போறப்ப வாய் அசைஞ்சுதே, கரையிலேருந்து பாத்தேன். பாடிக்கினு இருந்தீங்க."

"முருகன் பாட்டுதானே?"

"முருகனுக்காச்சும் கேட்டுச்சா?"

லாரி ஹாரன் வைக்கலாம் என்றார் சத்தார். அதற்கு வேண்டிய பாட்டரி ஒரு கன்றுக்குட்டி கனம், விமானம் தரையை விட்டே கிளம்பாது என்றார் பாஷா. சின்ன விளக்கு ஒன்று போடலாமா என்று கேட்டார் பரசுராமன்.

"வெளக்கை நீ எங்க பாக்கப் போற நைனா?" என்றார் பாஷா. பேச்சு திரும்பி வந்துவிட்டது. "நீ கீழ யாரு வேடிக்கை பாக்கறாங்கன்னுதானே பாப்ப."

ஜெயம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்து முடித்துவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்: "அண்ணே, காது கேக்காட்டி போகுது. இவருக்கு முழங்காலுக்குப் பின்னால தொட்டாக் கூசும். அப்படியே துள்ளுவாரு."

"ஜெயா!" என்றார் பரசுராமன்.

பாஷா அதற்குள் மணியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். வெண்கலக் கிண்ணத்தை எடுத்துப் பெட்டியில் போட்டார். அடிக்கும் நாக்கை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் நுனியில் துணி சுற்றினார். ஜெயம்மாள் அதற்கு ஒரு பட்டை தைத்துக் கொடுத்தாள். கொட்டகையில் பரசுராமன் உட்கார்ந்து இடது முழங்காலுக்குப் பின்னால் பட்டையைக் கட்டிக்கொள்ள, பாஷா தகட்டைத் தூக்கினார். பரசுராமன் "ஐயோ" என்று எழும்பி மேல் சட்டத்தில் தலையை இடித்துக்கொண்டார். பாஷா இன்னொரு தரம் தூக்கினார். அப்புறம் இன்னொரு தரம்.

"பாய், இது சோதனையா, பழி வாங்கறியா?"

"லாரில ஒரு பேச்சு, கொட்டாயில ஒரு பேச்சு இருக்கக் கூடாது பாரு," என்றார் பாஷா.

அடுத்த நாள் காலை விமானம் ஏரியில் ஓடிக் கிளம்பியது. பனை உயரம் போனது. ஜெயம்மாள் கரையில் நின்றாள். மூக்கு மெல்லத் தூக்குவதைப் பார்த்தாள். தன் கையிலிருந்த நூல்கண்டை நசுக்கிக்கொண்டிருப்பது அவளுக்கே தெரியவில்லை. மூக்கு இன்னும் தூக்கியது. சட்டென்று விமானம் ஒரு சின்ன உதறல் உதறியது. மூக்கு தாழ்ந்தது. வேகம் பிடித்து நேராகப் போனது. திரும்பி வந்து இன்னொரு முறை தூக்கினார். மறுபடியும் உதறல், மறுபடியும் தாழ்வு. பூப்போல வந்து இறங்கினார். 

அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர். ஜெயம்மாள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாஷா வந்து பக்கத்தில் நின்று, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "சரியாப் போச்சு தங்கச்சி," என்றார்.

ஜெயம்மாள் எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இப்ப நான்," என்றாள்.

கிளம்பும்போது கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது பனைகளின் தலை கீழே தெரிந்தது. அரக்கோணம் போகும் ரயில் ஒரு புகைக்கோடாக ஊர்ந்தது. எதிரே மலையும் கோயிலும் இருந்தன. தினம் அண்ணாந்து பார்க்கிற மலை இவ்வளவு பக்கமாக நின்றது.

"இன்னும் மேல போங்க," என்று அவர் காதில் கத்தினாள்.

பரசுராமன் மூக்கைத் தூக்கினார். அவர் இடது கால் துள்ளியது. மூக்கு தாழ்ந்தது.

"ஏன் இறக்கறீங்க?"

"நானா இறக்கறேன்? நீ கட்டின பட்டையைக் கேளு!"

அவள் ஒரு நிமிஷம் அவர் முழங்காலை முறைத்தாள். பிறகு லாரி ஞாபகம் வந்தது. லாரியின் வேகம் குறைந்தபோதெல்லாம் இறக்கை மேலே இழுக்கும் பலமும் குறைந்தது. "மொதல்ல வேகம் பிடிங்க," என்று கத்தினாள். "அப்புறமா தூக்குங்க. கொஞ்சங் கொஞ்சமா!"

பரசுராமன் அவளை ஆச்சரியத்தோடு பார்த்துவிட்டு, சொன்னபடி செய்தார். கால் துள்ளவில்லை. மலை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து வந்தது. படிகளில் ஏறுகிறவர்கள் எறும்புகளாகத் தெரிந்தார்கள். பரசுராமன் பாடவில்லை.

இறங்கியதும் பாஷாவிடம் நேராகப் போனாள். "அண்ணே, எனக்கு இதை ஓட்டக் கத்துக் குடுக்கச் சொல்லுங்க இவரை."

பாஷா பரசுராமனைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார். ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

"கத்துக் குடுப்பாரு," என்றார் பாஷா. "ஆனா உனக்கு எங்க கட்டறது தங்கச்சி?"

"எனக்கு எதுக்குண்ணே?" என்றாள் ஜெயம்மாள். "நான் பாட மாட்டேன். காதும் கேக்கும், அன்னிக்கு இஞ்சின் சத்தத்துலயும் எனக்கு மணி கேட்டுச்சே. அந்த மணியைத் திரும்ப மாட்டிக் குடுங்க, போதும்."

பாஷா சிரித்துக்கொண்டே வெண்கலக் கிண்ணத்தைத் தேடிப் பெட்டியைத் திறந்தார்.